வெள்ளைத் தொப்பிகளோடு வந்த லொறி

டென்மார்க்கில் கிம்னேசியம் என்ற உயர்நிலைப் படிப்பை முடிக்கும் பிள்ளைகள், முழு வகுப்பாக ஒரு லொறியில் ஏறி, வகுப்பில் உள்ள ஒவ்வொருவருடைய வீட்டுக்கும் போவார்கள். ஒரு வீடும் விடுபடாது. காலையில் தொடங்கினால் இரவு வரை ஓடும். லொறியின் பக்கங்களில் பச்சைக் கொப்புகள் கட்டியிருக்கும். பெரிய எழுத்தில் பகிடி வசனங்கள் எழுதிய கட்டில் விரிப்புகள் தொங்கும். மேலே பார்த்தால் எல்லாம் வெள்ளைத் தொப்பி. பாட்டுச் சத்தம் அடுத்த தெருவுக்கே கேட்கும். எதிரே வரும் கார்கள் ஹோர்ன் அடிக்கும், நடந்து போகிறவர்கள் நின்று கை காட்டுவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கால் மணி நேரம், மிஞ்சினால் இருபது நிமிடம். சாப்பாடு, குடிக்க ஏதாவது, கொஞ்சம் ஆட்டம், ஹுர்ரா, அப்புறம் அடுத்த வீடு.

என் தம்பி குடும்பம் யூலண்ட் பகுதியில் ஹேர்னிங் நகரத்தில் இருக்கிறது. தம்பியின் மகள், என் மருமகள், படிப்பை முடித்த கோடையில் நான் யாழ்ப்பாணத்திலிருந்து போய் அவர்களோடு நின்றேன். எங்கள் ஆட்களில் நிறையப் பேருக்கு அண்ணன், தங்கச்சி, பெறாமக்கள் என்று யாராவது அந்த நாட்டில் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஜூன் மாதத்தில் இந்தத் தொப்பியைப் போடும்போது நாங்கள் இங்கேயிருந்து வாட்ஸ்அப்பில் படம் பார்த்து வாழ்த்துச் சொல்லிவிட்டு விடுகிறோம். கலியாணத்துக்கும் சாமத்தியச் சடங்குக்கும் டிக்கெட் போடுகிறவர்கள் இதற்கும் போடலாம் என்பது என் எண்ணம். அப்படிப் போகிறவர்களுக்கும், அங்கே முதல் தடவையாக லொறியை வீட்டுக்கு எதிர்பார்க்கும் பெற்றோருக்கும் உதவும் என்று நான் பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் பயணத் திகதி. கலியாணம் போல நாள் குறித்து ஆறு மாதம் முன்பே சொல்லுகிற விசேஷமாக இதை நினைக்கக்கூடாது. கடைசி வருடத்தில் மே மாதம் எழுத்துப் பரீட்சைகள் தொடங்கும், ஜூன் மாதம் வாய்மொழிப் பரீட்சைகள் நடக்கும். யாருக்கு எந்தப் பாடம், எந்த நாள் என்பது பிள்ளைகளுக்கே மே மாதத்தில்தான் தெரியவரும். ஒரே வகுப்பில் ஒருவர் ஜூன் நடுவில் முடித்துவிடுவார், பக்கத்து மேசைக்காரர் கடைசி வாரம் வரை படித்துக்கொண்டிருப்பார். பள்ளியில் சான்றிதழ் கொடுக்கும் நிகழ்ச்சியும் லொறி ஓடும் நாளும் பெரும்பாலும் ஜூன் கடைசி வாரத்தில் வரும். ஆகவே ஜூன் நடுப்பகுதியில் போய் இறங்கி, ஜூலை முதல் வாரம் வரை நிற்கிற மாதிரித் திட்டமிடுங்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், பரீட்சைத் திகதி தெரியட்டும் என்று மே வரை காத்திருக்காதீர்கள். ஹேர்னிங், பிராண்டே பக்கம் போகிறவர்களுக்குக் கொப்பன்ஹேகனை விட பிலுண்ட் விமான நிலையம் கிட்ட.

உடுப்பு விஷயமும் முக்கியம். ஜூன் கடைசி என்றால் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், ஆனால் வெளிச்சம் இருந்தால் சூடும் இருக்கும் என்று எங்கள் உடம்பு நினைத்துக்கொள்ளும். யூலண்டின் காற்று அப்படி விடாது. பட்டுச் சேலை கட்டினாலும் மேலே போட ஒரு தடித்த ஜாக்கெட் கையில் இருக்கட்டும்.

தொப்பி போடும் நாள் வேறு, லொறி வரும் நாள் வேறு. முதலாவதைத்தான் வெளியிலிருந்து போகிறவர்கள் தவறவிடுவார்கள், ஏனென்றால் அது தனித்தனியாக, ஒவ்வொருவருடைய கடைசிப் பரீட்சை முடிந்த அந்த நிமிடத்தில் நடக்கிறது.

மருமகளுக்குக் கடைசிப் பரீட்சை சமூகவியல். வாய்மொழிப் பரீட்சையில் பிள்ளை மேசையில் கவிழ்த்து வைத்திருக்கும் சீட்டுகளில் ஒன்றை எடுக்கவேண்டும். அதில் இருக்கும் கேள்விக்குத் தனியே இருந்து ஆயத்தம் செய்ய நேரம் கொடுப்பார்கள். பிறகு உள்ளே போய், சொந்த ஆசிரியருக்கும் வேறு பள்ளியிலிருந்து வந்த இன்னொரு பரீட்சகருக்கும் முன்னால் பேசவேண்டும். பாடத்தைப் பொறுத்து 24 அல்லது 30 நிமிடம். முடிந்ததும் பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு இரண்டு பேரும் கதைத்துப் புள்ளியை முடிவு செய்வார்கள். உடனே கூப்பிட்டு முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். உயர்தரப் பெறுபேற்றுக்கு மாதக்கணக்கில் காத்திருந்து பழகிய எனக்கு, அந்த வேகமே நெஞ்சைப் படபடக்க வைத்தது.

அந்த நேரம் முழுக்கக் குடும்பம் கதவுக்கு வெளியே நிற்கும். நாங்கள் நின்ற நடைவழியில் எங்களைப் போல இன்னும் இரண்டு குடும்பங்கள், கையில் சின்னச் சின்ன டேனிஷ் கொடிகள், பூங்கொத்து, பெட்டிக்குள் தொப்பி. டேனிஷ்காரர் பிறந்தநாளுக்கும் கொடிதான், வரவேற்புக்கும் கொடிதான். வீட்டு விசேஷத்தின் அடையாளம் அது. எங்களுக்குத் தோரணம் போல என்று நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். கடைசிப் பரீட்சை முடியும் முன் தொப்பியைத் தலையில் வைத்தால் கூடாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதனால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, ஆசையில் "ஒருக்காப் போட்டுக் காட்டு பிள்ளை" என்று கேட்டுவிடாதீர்கள்.

வெள்ளைத் தொப்பியைச் சுற்றி ஒரு நிறப் பட்டை இருக்கும். பொதுக் கிம்னேசியத்துக்கு அடர்சிவப்பு. வணிகப் பிரிவுக்குப் பளிச்சென்ற நீலம், தொழில்நுட்பப் பிரிவுக்குக் கருநீலம், எச்.எஃப். என்ற இரண்டு வருடப் படிப்புக்கு இளநீலம். இது தெரிந்திருந்தால் ரயிலில் எதிரே இருக்கும் பிள்ளை என்ன முடித்திருக்கிறது என்று கேட்காமலே விளங்கும், வாழ்த்தும் சொல்லலாம். தெரியாத ஆள் வாழ்த்துச் சொன்னால் அந்தப் பிள்ளைகள் முகம் மலர்ந்து நன்றி சொல்லுகிறார்கள். அந்த ஒரு வாரத்துக்கு அந்த நாட்டில் யாரும் அந்நியர் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

கதவு திறந்தது. மருமகள் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் வந்தாள். தொப்பியை யார் வைப்பது என்று வீட்டில் முன்பே பேச்சு இருந்தது. வழக்கமாகத் தாயோ தகப்பனோ வைப்பார்கள், சில இடங்களில் ஆசிரியர் வைப்பார். அவள் நேரே அம்மப்பாவிடம் போய்க் குனிந்து நின்றாள்.

அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, அதை விட்டுவிட்டு இந்தக் கொண்டாட்டத்தை என்னால் எழுத முடியாது. அம்மப்பா என்றால் தம்பியின் மாமனார். 1983க்குப் பிறகு எங்கள் நாட்டை விட்டு வெளியேறியவர்களில் ஒருவர், எண்பதுகளின் நடுவில் தனியாக டென்மார்க் போய்ச் சேர்ந்தார். மனைவியும் சின்ன மகளும் ஊரில். குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். 1987 முதல் 1989 வரை தமிழ் அகதிகளின் குடும்ப விண்ணப்பங்களை அப்போதைய நீதி அமைச்சர் சட்டத்துக்கு மாறாகத் தேக்கி வைத்திருந்தார் என்பது பிறகுதான் வெளியே வந்தது. விசாரணை அறிக்கை வெளியானதும் 1993 ஜனவரியில் டென்மார்க் அரசாங்கமே பதவி விலகியது. 1995 ஜூனில் அமைச்சர்களை விசாரிக்கும் தனி நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்த்து, நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை கொடுத்தது. அந்த நாட்டில் தமிழர் வழக்கு என்று சொன்னால் இன்றைக்கும் வயதானவர்களுக்குத் தெரியும்.

அப்படிக் காத்திருந்து வந்து சேர்ந்த அந்தச் சின்ன மகள்தான் என் மச்சாள். அவளும் அங்கே படித்து இதே தொப்பி போட்டவள். ஆனால் அவள் லொறியில் போகவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் அம்மப்பாவுக்கும் அம்மம்மாவுக்கும் அது விளங்காத விஷயம். இரவு, பியர், ஆணும் பெண்ணுமாக ஒரு லொறி. வேண்டாம் என்றுவிட்டார்கள். வகுப்பு அவளை விடவில்லை. அவர்கள் இருந்த மாடிக் குடியிருப்புக்குக் கீழே லொறியை நிறுத்தி அவள் பெயரைச் சொல்லி ஹுர்ரா போட்டார்கள், அவள் மேலே பல்கனியில் நின்று கை காட்டினாள். இதை மச்சாள் எனக்கு ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருக்கும்போது சொன்னாள். தாய் தகப்பன் மேல் கோபமாகச் சொல்லவில்லை. "அவைக்கு அப்ப ஆர் விளங்கப்படுத்தினது அண்ணி?" என்றுதான் சொன்னாள்.

அதனால் பெற்றோருக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது, பிள்ளையைப் போகவிடுங்கள். பயம் நியாயமானதுதான், அதற்குச் செய்யக்கூடிய வேலைகளும் இருக்கின்றன. வகுப்பின் பெற்றோர் சேர்ந்து போட்ட பாதைத் திட்டத்தில் எந்த மணிக்கு எந்த வீடு என்று முகவரியோடு இருக்கும். அதைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்திருங்கள். கடைசி வீடு எது, அங்கிருந்து பிள்ளையை யார் கூட்டிவருவது என்று முன்பே பேசிவிடுங்கள். குடிக்காத நண்பர்கள் எந்த வகுப்பிலும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், பிள்ளைக்கு அவர்களைத் தெரியும். லொறிச் சாரதி இந்த வேலையைக் கூலிக்குச் செய்கிற தொழில்காரர், பொறுப்புள்ளவர். மருமகள் குடிக்கவில்லை, அவளை யாரும் வற்புறுத்தவும் இல்லை. மற்றவர்களுக்கு நல்ல வெறி ஏறிய நேரத்திலும் அவளும் இன்னொரு பெண்ணும்தான் எண்ணிப் பார்த்து எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று சரிபார்த்தார்கள். தம்பி இரவு போய்க் கூட்டிவந்தான்.

இனி வீட்டு ஆயத்தம். கிம்னேசியத்தில் ஒரு வகுப்புக்கு 28 பேர் வரை இருப்பார்கள். அத்தனை வீட்டுக்கும் ஒரு நாளில் போகவேண்டும் என்பதால், யார் வீட்டில் என்ன சாப்பாடு என்று பெற்றோர் பங்கு பிரிப்பார்கள். ஒரு வீட்டில் காலைச் சாப்பாடு, ஒரு வீட்டில் பழம், ஒரு வீட்டில் ஹொட்டோக், பொழுதுபட ஒரு வீட்டில் இருந்து சாப்பிடக்கூடிய பெரிய சாப்பாடு. எங்களுக்குப் பின்னேரம் நான்கு மணி. முதலில் மச்சாள் டேனிஷ்காரருக்குப் பிடிக்கும் என்று சொசேஜும் பனிஸும் வாங்கலாம் என்று யோசித்தாள். மருமகள் விடவில்லை. மூன்று வருடமாக அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியில் பங்கு கேட்ட வகுப்பு அது. ரோல்ஸ், பற்றிஸ், கடலை வடை என்று முடிவானது.

எங்கள் சாப்பாடு வைக்கிறவர்கள் கவனிக்க நான்கைந்து விஷயம் உண்டு. குழம்பு, சொதி எதுவும் வேண்டாம், கையில் பிடித்து இரண்டு கடியில் முடிக்கிறதாக இருக்கவேண்டும். எண்ணெயை நன்றாக வடித்து, ஒவ்வொன்றையும் காகிதத் துண்டில் சுற்றிக் கொடுங்கள். அந்தப் பிள்ளைகளின் கை அடுத்த நிமிடமே வெள்ளைத் தொப்பிக்குப் போகும், மஞ்சள் கறை அதில் பிடித்தால் போகாது. மரக்கறி ரோல்ஸையும் இறைச்சி ரோல்ஸையும் வெவ்வேறு தட்டில் வைத்து டேனிஷில் எழுதி ஒட்டுங்கள். வகுப்பில் மாட்டிறைச்சி சாப்பிடாதவர், பன்றி சாப்பிடாதவர், பால் முட்டை எதுவும் தொடாதவர், கச்சான் ஒவ்வாதவர் என்று எல்லோரும் இருப்பார்கள், பிள்ளையிடம் கேட்டால் பட்டியல் சொல்லும். உறைப்பைப் பாதியாகக் குறையுங்கள். ஆளுக்கு இரண்டு ரோல்ஸ், ஒரு வடை போதும், அவர்கள் இருபது வீட்டில் சாப்பிடுகிறார்கள். முதல்நாளே சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்து, லொறி முந்தின வீட்டை விட்டுக் கிளம்பியது என்ற செய்தி வந்ததும் பொரிக்கத் தொடங்கினால் சுடச்சுடக் கொடுக்கலாம். நேரத் திட்டத்தை நம்பிப் பொரிக்காதீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஐந்து நிமிடம் பிந்தினால் பின்னேரத்துக்குள் ஒரு மணித்தியாலம் பிந்திவிடும். எங்களுக்கும் அப்படித்தான் வந்தார்கள்.

குடிக்க எங்கள் வீட்டில் மது வைக்கவில்லை. தம்பிக்கு அது பற்றிக் கொஞ்சம் தயக்கம், குறையாக நினைப்பார்களோ என்று. ஒருவரும் கேட்கவில்லை. பெரிய ஜாடிகளில் ஐஸ் போட்ட தண்ணீர், தேசிக்காய்ச் சாறு, மாம்பழச் சாறு வைத்தோம். தண்ணீர்தான் முதலில் முடிந்தது. வெயிலில் நின்று கத்திக்கொண்டு வருகிற பிள்ளைகளுக்கு அதைப்போல ஒன்றும் இல்லை. தயங்குகிற தமிழ் வீடுகளுக்கு இதை உறுதியாகச் சொல்லுகிறேன்.

சாப்பாட்டை விடப் பெரிய தேவை ரொய்லெட். லொறியில் அது இல்லை. பிள்ளைகள் இறங்கியவுடன் பாதிப் பேர் வீட்டுக்குள் ஓடுவார்கள். கீழே உள்ளதையும் மேலே உள்ளதையும் திறந்துவிட்டு, வழியைக் காட்ட அம்பு வரைந்து ஒட்டி, காகிதச் சுருள் நிறைய வைத்தோம். பக்கத்து வீட்டு டேனிஷ் அம்மாவிடம் மச்சாள் முதல்நாள் ஒரு தட்டு பற்றிஸோடு போய்ச் சத்தமாக இருக்கும் என்று சொல்லிவைத்தாள். அவர் கேட்ட முதல் கேள்வியே, என் வீட்டு ரொய்லெட்டும் வேண்டுமா என்பதுதான். அவரும் கொடிகளோடு வாசலில் வந்து நின்றார். சாமான் ஏதும் உடையக்கூடியது நடைவழியில் இருந்தால் எடுத்துவிடுங்கள், சாமியறைக் கதவை மூடிவிடுங்கள். சப்பாத்தைக் கழற்றச் சொல்ல நேரம் இராது. பழைய விரிப்பு ஒன்றை நிலத்தில் போட்டுவிட்டால் மனதுக்கு நிம்மதி.

லொறி திரும்பும் சத்தம் கேட்டபோது தெருவில் இருந்த எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. அம்மப்பா காலமையிலிருந்து நடைபாதையின் இரண்டு பக்கமும் புல்லில் கொடி குத்திக்கொண்டிருந்தார், நாங்கள் போதும் என்றாலும் கேட்கவில்லை. லொறி முழுவதும் நிற்க முன்பே மருமகளின் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். டேனிஷ்காரர் வாயில் எங்கள் பெயர் அவ்வளவு சரியாக வந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மூன்று வருடம் கூப்பிட்டுப் பழகிய பெயர். அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். முற்றத்தில் வட்டமாக நின்றார்கள். மூன்று சின்ன ஹுர்ரா, அப்புறம் மூச்சு முட்ட ஒரு நீண்ட ஹுர்ரா.

அந்த இருபது நிமிடம் எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு பையன் ரோல்ஸைக் கடித்துவிட்டு கண்ணை மூடிக்கொண்டான். இரண்டு பெண்கள் அம்மம்மாவின் சேலையைத் தொட்டுப் பார்த்து ஏதோ கேட்க, அம்மம்மா தன் டேனிஷில் நீட்டி முழக்கிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் மருமகள் ஒரு தமிழ்க் குத்துப்பாட்டைப் போட்டாள். அது தெரிந்த பாட்டு என்று வகுப்பு முழுவதும் ஆடியது, அவள் முன்பே பழக்கி வைத்திருக்கிறாள். யாரோ மச்சாளின் கையைப் பிடித்து இழுத்தார்கள். முதலில் தட்டை வைத்துக்கொண்டு வேண்டாம் என்றாள். மருமகள் தட்டை வாங்கி என்னிடம் தந்தாள். மச்சாள் ஆடினாள், வியர்க்க வியர்க்க, தலைமுடி அவிழ ஆடினாள். லொறி கிளம்பும்போது பிள்ளைகள் அவளையும் ஏறச் சொன்னார்கள், லொறி வகுப்புக்கு மட்டும் என்று அவளே சொல்லிவிட்டாள். அம்மப்பா பார்த்துக்கொண்டு நின்றார். "ஏறித் தெரு முனை வரைக்கும் போயிருக்கலாம் பிள்ளை" என்று பிறகு சொன்னார். அதற்கு மச்சாள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள், வேறு எதுவும் சொல்லவில்லை.

சாரதிக்கும் ஒரு தட்டு கொண்டுபோய்க் கொடுங்கள். எல்லோரும் பிள்ளைகளைப் பார்ப்பார்கள், காலையிலிருந்து சுக்கானைப் பிடித்திருக்கிற மனிதரை மறந்துவிடுவார்கள். நான் கொண்டுபோனபோது அவர் இறங்கிச் சக்கரத்தையும் கொப்புக் கட்டிய கயிற்றையும் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வடை பிடித்துக்கொண்டது, இன்னும் இரண்டு கேட்டார்.

இந்தக் கொண்டாட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, வீடுகள் எல்லாம் சமமாக இருப்பது. மருமகளின் வகுப்பில் பெரிய தோட்டமும் நீச்சல் குளமும் உள்ள வீடு இருந்தது. இரண்டு அறை மாடி வீட்டில் தாயோடு மட்டும் இருக்கிற பையனும் இருந்தான். அவனுடைய தாய் கட்டடத்துக்குக் கீழே உள்ள பொதுப் புல்வெளியில் ஒரு மேசை போட்டு, ஜூஸும் தானே சுட்ட பனிஸும் வைத்திருந்தாராம். அங்கேயும் அதே நேரம், அதே ஹுர்ரா, அதே ஆட்டம். தூரத்துக் கிராமத்தில் வீடு உள்ளவர்களுக்கு இரண்டு குடும்பம் சேர்ந்து ஒரே இடத்தில் வைத்தார்கள். பெரிதாகச் செய்ய வசதியில்லை, வீடு சின்னது என்று யோசிக்கிற பெற்றோர் இருந்தால், மேசையும் தண்ணீரும் போதும். லொறி வருவது பிள்ளை எங்கேயிருந்து வந்தது என்று பார்க்கத்தான்.

புள்ளியும் அப்படித்தான். டென்மார்க்கில் மேல்புள்ளி 12, பிறகு 10, 7, 4. சித்தியடையத் தேவையான குறைந்த புள்ளியை 02 என்று எழுதுவார்கள், முன்னால் ஒன்றைச் சேர்த்து 12 ஆக்கிவிடாமல் இருக்கத்தான் அந்தச் சுழியம். அதே லொறியில் 12 வாங்கியவரும் 02 வாங்கியவரும் நின்றார்கள், யார் யார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள யாரும் முயலவும் இல்லை. ஊரிலிருந்து அன்றைக்கு எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதியில் முதல் கேள்வி எத்தனை புள்ளி என்பதுதான். நான் தொப்பி போட்ட படத்தை அனுப்பி, பிள்ளை நன்றாக முடித்துவிட்டாள், சந்தோஷமாக இருக்கிறாள், நீங்களும் ஒரு வாழ்த்து அனுப்புங்கள் என்று சொன்னேன். போய் நிற்கிற உறவினர் இந்தக் கேள்விகளைத் தாங்கள் வாங்கிக்கொண்டால் பிள்ளைக்கு அந்த வாரம் நிம்மதியாக இருக்கும். அது பணமாகக் கொடுக்கும் பரிசை விடப் பெரியது.

பரிசு என்றால், லொறி நிற்கும் நேரத்தில் கொடுக்காதீர்கள், வைக்க இடம் இருக்காது. வார இறுதியில் வீட்டில் உறவினரைக் கூப்பிட்டு ஒரு விருந்து வைப்பார்கள், அப்போது கொடுக்கலாம். தொப்பியின் உள்பக்கத்தில் வகுப்புப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் எழுதுவார்கள். அது அவர்களுடைய இடம், பிள்ளை கேட்டால் மட்டும் எழுதுங்கள். தொப்பியில் கடித்த அடையாளம், வெட்டு, பின்னால் திருப்பிப் போட்டது எல்லாவற்றுக்கும் அர்த்தம் உண்டு. இருபத்துநான்கு மணி நேரம் தூங்காமல் இருந்தால் முன்பக்கத்தைப் பின்னால் திருப்பலாம் என்பது அதில் ஒன்று. பழுதாகிவிட்டது என்று தைத்துக் கொடுக்கப் போகாதீர்கள். படம் எடுக்கலாம், மற்றப் பிள்ளைகளின் முகம் தெரிகிற படங்களைப் பேஸ்புக்கில் போடமுன் மட்டும் அவர்களிடம் கேளுங்கள்.

பள்ளியில் சான்றிதழ் கொடுத்த நிகழ்ச்சி அமைதியானது. அதிபர் பேசினார், எல்லோரும் எழுந்து பாடினார்கள், பெயர் பெயராகக் கூப்பிட்டார்கள். 25 வருடம், 50 வருடம் முன்பு அதே பள்ளியில் முடித்தவர்கள் மங்கிப்போன தொப்பிகளோடு வந்து முன்வரிசையில் இருந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு எத்தனை இருக்கை என்று முன்பே கேட்டுவையுங்கள்.

அப்புறம் எல்லா உறவினரும் கேட்கும் அடுத்த கேள்வி, கம்பஸுக்கு என்ன செய்யப்போகிறாய். அங்கே இதற்குத் திகதி இருக்கிறது: புள்ளி அடிப்படையில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க ஜூலை 5 நண்பகல் 12 மணி கடைசி நேரம், பதில் ஜூலை கடைசியில் வரும். அதற்குள் பிள்ளைகள் கொண்டாட்டத்திலிருந்து தெளிந்து, யோசித்து, அனுப்பவேண்டும். நிறையப் பேர் உடனே போகாமல் ஒரு வருடம் வேலை செய்வார்கள், பயணம் போவார்கள். அது அங்கே சாதாரணம். மருமகளும் ஒரு வருடம் முதியோர் இல்லத்தில் வேலை செய்துவிட்டுத்தான் படிக்கப்போவதாகச் சொன்னாள். தம்பிக்குக் கொஞ்சம் கவலை, ஒரு வருடம் விட்டால் படிப்பு விட்டுப்போகுமோ என்று. நான் எதுவும் சொல்லவில்லை, அம்மப்பாதான் பேசினார்.

"அவள் மூன்று வருஷம் ஒழுங்காப் படிச்சவள். ஒரு வருஷம் உழைச்சுப் பாக்கட்டும் தம்பி. நான் காத்திருந்த அளவுக்கு நீர் காத்திருக்கத் தேவையில்லை."

ஓகஸ்ட் முதல் திகதியிலிருந்து அவள் வேலைக்குப் போகிறாள். முதல் சம்பளத்தில் எனக்கு டிக்கெட் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள்.